ஸரீத்: நொறுக்கிய ரொட்டியும் ஒரு குலத்தின் பெயரும்

இறைச்சிச் சாற்றில் ஊறவைத்த ரொட்டிக்குப் பழைய அரபு மொழியில் வழங்கிய பெயர் ‘ஸரீத்’. நபிமொழித் தொகுப்புகளைத் தமிழிலோ உருதுவிலோ வாசித்தவர்களுக்கு இச்சொல் புதியதன்று. மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, ரொட்டியும் ஆணமும் சேர்ந்த ஓர் உணவு என்ற அளவில் குறிப்புத் தந்து கடந்துவிடுவர். சமையலறைச் சொல்தானே என்று அகராதி வாசிப்பவரும் கடந்துவிடக்கூடும். ஆனால் இந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு சென்றால் மக்காவின் தானியப் பற்றாக்குறை, நபிகள் நாயகத்தின் குலப்பெயர், உமையாக்களுக்கும் அப்பாசியர்களுக்கும் இடையே நிலவிய அரசுரிமைப் பூசல், ஐபீரியத் தீபகற்பத்தின் ஏழைகள் உணவு ஆகிய அனைத்தையும் தொட வேண்டியிருக்கிறது. ஒரு சொல்லுக்குக் கூறப்படும் பிறப்புக் கதையை வரலாற்று மாணவர் எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதற்கும் ஸரீத் நல்லதொரு சான்று.

முதலில் இலக்கணம். இச்சொல்லின் முதல் எழுத்தை அரபியர் நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே வைத்து ஒலிப்பர். பாரசீகத்திலும் உருதுவிலும் அவ்வெழுத்து ‘ஸ’ என்றே ஒலிக்கும். தமிழில் ‘ஸரீத்’ என எழுதும் வழக்கமும் அவ்வொலிப்புக்கு நெருக்கமானதே. சொல்லின் வேர் மூன்று மெய்களால் ஆனது. அதன் வினைப்பொருள் ரொட்டியைப் பிய்த்து நொறுக்கிச் சாற்றில் நனைத்தல். ‘ஃபயீல்’ என்னும் வாய்பாட்டில் அமையும் அரபுச் சொற்கள் பல செயப்பாட்டுப் பொருள் தருவன. ‘கதீல்’ என்றால் கொல்லப்பட்டவன். ‘ஜரீஹ்’ என்றால் காயம்பட்டவன். அவ்வாறே ‘ஸரீத்’ என்றால் நொறுக்கப்பட்டது. ரொட்டி, சாறு, இறைச்சி என்னும் மூன்று பொருள்களில் எதுவும் இப்பெயரில் இல்லை. கை செய்யும் ஒரு செயலே உணவுக்குப் பெயராகியிருக்கிறது. தமிழ் இலக்கணம் பயின்றவர்களுக்கு இது தொழிலாகுபெயரை நினைவூட்டும். வற்றல், பொங்கல், அவியல், துவையல் என்னும் உணவுப் பெயர்களிலும் செயலே பண்டத்தைக் குறித்து நிற்கிறது.

அரபு மொழியில் இவ்வுணவுக் குடும்பத்தைச் சேர்ந்த பிற பெயர்களும் செயலின் பெயர்களே. எகிப்திலும் சிரியாவிலும் வழங்கும் ‘ஃபத்தா’ துண்டு துண்டாக உதிர்த்தலைக் குறிக்கும் வேறொரு வினையிலிருந்து வந்தது. ஈராக்கில் வழங்கும் ‘தஷ்ரீப்’ குடித்தலைக் குறிக்கும் வேரின் பிறவினை. ரொட்டியைச் சாறு குடிக்கச் செய்தல் என்பது அதன் பொருள். ஒரே உணவை ஓர் ஊர் நொறுக்கும் கையைக் கொண்டும், மற்றோர் ஊர் உறிஞ்சும் ரொட்டியைக் கொண்டும் பெயரிட்டிருக்கிறது.

நொறுக்குவதற்கு ஏன் இத்தனை முதன்மை? விடை ரொட்டியின் தன்மையிலும் மக்காவின் நிலத்திலும் இருக்கிறது. மக்கா விளைச்சலற்ற பள்ளத்தாக்கு. குர்ஆனின் 14:37 வசனமும் அதை அவ்வாறே குறிக்கிறது. அங்கு உண்ணப்பட்ட தானியம் தாயிஃபிலிருந்தோ யமாமாவிலிருந்தோ சிரியாவிலிருந்தோ வந்தாக வேண்டும். யமாமாவின் தலைவர் ஸுமாமா இப்னு உஸால் இஸ்லாத்தைத் தழுவியபின், நபியின் அனுமதியின்றி மக்காவுக்கு ஒரு தானியமும் போகாது என்று குறைஷியரை எச்சரித்ததாக நபிமொழி நூல்கள் பதிவு செய்கின்றன. வெளியூர்த் தானியத்தை நம்பி வாழ்ந்த ஊருக்கு மட்டுமே அத்தகைய எச்சரிக்கை அச்சமூட்டும். பாலைவனத்து இடையர்களின் அன்றாட உணவு பாலும் பேரீச்சையும். ரொட்டி அவர்களுக்கு விருந்துப் பொருள். நெடுவழிப் பயணத்தில் கொண்டுவரப்படும் ரொட்டி கெடாமலிருக்க நன்கு உலரச் சுடப்படும். ‘கஃக்’ எனப்பட்ட அத்தகைய உலர்ந்த ரொட்டியை அப்படியே மெல்ல இயலாது. நொறுக்கிச் சூடான சாற்றில் ஊறவிட்டால்தான் அது உணவாகும். ஆகவே ஸரீத் இரண்டு வாழ்க்கை முறைகள் ஒரே தட்டில் கூடிய உணவு. ரொட்டி உழவருடையது; இறைச்சி இடையருடையது. இரண்டையும் ஒருசேரப் பெறக்கூடியவர்கள் வணிகர்களே.

இங்குதான் ஹாஷிம் வருகிறார். முகம்மது நபியின் பாட்டனார் அப்துல் முத்தலிப். அவருடைய தந்தை ஹாஷிம். அவர் இயற்பெயர் அம்ரு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்னு ஹிஷாம், இப்னு ஸஅத் ஆகியோரின் நூல்களும், 923இல் மறைந்த தபரியின் வரலாறும் அம்ரு ஹாஷிமான கதையைச் சிறுசிறு வேறுபாடுகளுடன் தருகின்றன. மக்காவில் கடும் வறட்சி. மக்கள் பசியால் வாடுகின்றனர். அம்ரு சிரியாவுக்குச் சென்று, பெருமளவு ரொட்டி சுடச் செய்து, மூட்டைகளாகக் கட்டி ஒட்டகங்களில் ஏற்றி வருகிறார். ஊர் சேர்ந்ததும் ரொட்டியை நொறுக்குகிறார்கள். சுமந்துவந்த ஒட்டகங்களையே அறுத்துச் சமைக்கிறார்கள். பிறகு பானைகளை அகன்ற தட்டுகளின்மேல் கவிழ்க்கிறார்கள். மக்கா மக்கள் வயிறார உண்கிறார்கள். அன்றுமுதல் அவர் ‘ஹாஷிம்’, அதாவது நொறுக்கியவர், என அழைக்கப்பட்டார். அவர் வழியினர் பனூ ஹாஷிம் ஆயினர்.

இந்தக் கதையில் ஒரு மொழிநுட்பம் கவனிக்கத்தக்கது. ஸரீத் ஆக்குவதற்கு அதே வேரிலிருந்து பிறந்த வினை இருக்கிறது. ஆயினும் கதை அந்த வினையை விட்டுவிட்டு ‘ஹஷம’ என்னும் வேறொரு வினையைத் தேர்கிறது. ‘ஹஷ்ம்’ என்பது உலர்ந்து முறியக்கூடிய பொருளை உடைத்தல். குர்ஆனில் 18:45, 54:31 ஆகிய இடங்களில் வரும் ‘ஹஷீம்’ என்னும் சொல் காய்ந்து நொறுங்கிய செடிகொடிகளைக் குறிக்கிறது. இதை இரண்டு விதமாக விளக்கலாம். வழியுணவாகச் சுடப்பட்ட ரொட்டி உலர்ந்து போயிருந்ததால் அந்த வினையே பொருத்தமாயிற்று என்பது ஒன்று. ஹாஷிம் என்ற பெயர் முன்பே இருந்தது. அதற்குப் பொருள் கற்பிக்கவே பின்வந்தோர் ரொட்டிக் கதையை அந்த வினையோடு பொருத்தினர் என்பது மற்றொன்று. கதைக்குச் சான்றாக நூல்கள் காட்டும் ஒரு பழைய பாடல், அம்ரு தம் மக்களுக்காக ஸரீதை நொறுக்கியதைப் போற்றுகிறது. ஆனால் அதைப் பாடியவர் யார் என்பதில் நூல்கள் ஒன்றுபடவில்லை.

ஐயத்துக்கு வலுவான காரணம் கதையின் அடுத்த பகுதியில் இருக்கிறது. ஹாஷிமின் கொடையைக் கண்டு அவருடைய அண்ணன் மகன் உமையா பொறாமை கொண்டான் என்றும், தானும் அவ்வாறே விருந்தளிக்க முயன்று தோற்றான் என்றும் இப்னு ஸஅத் எழுதுகிறார். ஊரார் எள்ளி நகைக்கவே, உமையா ஹாஷிமைப் பெருமைப் போட்டிக்கு அழைத்தான். தோற்றவர் ஐம்பது ஒட்டகங்கள் தருவதோடு பத்தாண்டுகள் மக்காவைவிட்டு நீங்க வேண்டும் என்பது பந்தயம். குஸாஆ குலத்துக் குறிசொல்பவர் ஹாஷிமே சிறந்தவர் எனத் தீர்ப்பளித்தார். ஹாஷிம் பந்தய ஒட்டகங்களையும் அறுத்து மக்களுக்கு உணவளித்தார். உமையா சிரியாவுக்குப் போய்ப் பத்தாண்டுகள் தங்கினான். இரு குடிகளுக்கும் இடையே எழுந்த முதற்பகை இதுவே என்று நூல்கள் கதையை முடிக்கின்றன.

661 முதல் 750 வரை இஸ்லாமியப் பேரரசை ஆண்டவர்கள் அந்த உமையாவின் வழியினர். அவர்கள் தலைநகரம் சிரியாவின் டமாஸ்கஸ். 750இல் அவர்களை வீழ்த்தி ஆட்சிக்கு வந்த அப்பாசியர் ஹாஷிமின் வழியினர். ஹாஷிமின் குடிக்கே ஆட்சி உரியது என்பது அவர்கள் இயக்கத்தின் முழக்கம். மேற்சொன்ன நூல்கள் எழுதப்பட்டது அப்பாசியர் காலத்தில். உமையா தோற்றுச் சிரியாவுக்குப் போனான் என்ற செய்தியை அக்காலத்து வாசகர் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பசித்தவனுக்கு ரொட்டி நொறுக்கிக் கொடுத்த குடி ஒன்று. அதைப் போலச் செய்ய முயன்று தோற்ற குடி மற்றொன்று. ஆட்சிக்கு உரியவர் எவர் என்ற வழக்குக்கு ஒரு தட்டு ஸரீத் சாட்சியாகக் கொண்டுவரப்படுகிறது.

இதனால் கதை முழுவதும் அப்பாசியர் புனைவு எனத் தள்ளிவிடுவதும் எளிதன்று. ஹாஷிமின் பெயரை முன்னிறுத்திய புகழ்ப்பாடல்கள் அப்பாசியருக்கு முன்னரே இருந்தன. உமையாக்களின் ஆட்சிக் காலத்திலேயே வாழ்ந்து மறைந்த குமைத் என்னும் கவிஞரின் ‘ஹாஷிமிய்யாத்’ அதற்குச் சான்று. மக்கா வணிகத்தைப் பற்றிய மரபுச் செய்திகள் அனைத்தையும் 1987இல் வெளிவந்த தம் நூலில் கடுமையாக ஆராய்ந்த பட்ரீசியா குரோன், குறைஷியரின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் குறிப்பிடும் குர்ஆனின் 106ஆம் அத்தியாயத்துக்கு உரையாசிரியர்கள் ஒன்றோடொன்று முரணான விளக்கங்கள் தருவதைச் சுட்டிக்காட்டினார். உரையாசிரியர்களுக்குக் கிடைத்தது நினைவா, ஊகமா என்பது அவர் எழுப்பிய வினா. ஹாஷிம் கதைக்கும் அவ்வினா பொருந்தும். ஆனால் அதே அத்தியாயம் பசிக்கு உணவளித்தலையும் அச்சத்திலிருந்து காத்தலையும் இறைவனின் இருபெரும் அருள்களாகச் சேர்த்துச் சொல்கிறது. மக்காவில் பசி உண்மையான அச்சமாக இருந்தது என்பதற்கு அது காலத்தால் முந்திய சான்று. ஒரு குறிப்பிட்ட ஆண்டில் ஒரு குறிப்பிட்ட மனிதர் ரொட்டி நொறுக்கினார் என்பதை மெய்ப்பிக்க முடியாமற் போகலாம். உணவளிப்பவனே தலைமைக்கு உரியவன் என்ற கருத்து அச்சமூகத்தில் ஐயத்துக்கிடமின்றி ஏற்கப்பட்டிருந்தது என்பதைக் கதை மெய்ப்பிக்கிறது. அக்கருத்து இல்லாத இடத்தில் இக்கதையால் எந்த அரசியல் பயனும் விளைந்திருக்காது.

தட்டின் அளவும் இதே கருத்தைச் சொல்கிறது. ‘ஜஃப்னா’ எனப்பட்ட பெருந்தட்டு அரபுக் கொடையின் அடையாளம். குறைஷியருள் செல்வரான அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் தட்டிலிருந்து ஒட்டகத்தின்மேல் அமர்ந்தபடியே ஒருவர் உண்ணலாம் என்பது மரபுச் செய்தி. மிகைதான், ஆயினும் எதை மிகைப்படுத்திப் புகழ்ந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஸரீத் தனித்தட்டில் உண்ணும் உணவன்று. பலர் ஒரு தட்டைச் சுற்றி அமர்ந்து உண்பது. தட்டின் நடுவிலிருந்து எடுக்காமல் ஓரத்திலிருந்து உண்ணுமாறு நபிமொழி கற்பிக்கும் ஒழுங்கு இத்தகைய பொதுத்தட்டுக்கே பொருள் உடையது.

ஸரீத் எப்போதும் பெருவிருந்தாக இருந்ததும் இல்லை. மதீனாவில் தையற்காரர் ஒருவர் நபிகள் நாயகத்தை உணவுக்கு அழைத்த நிகழ்ச்சியை அனஸ் இப்னு மாலிக் அறிவிக்கிறார். வைக்கப்பட்டவை வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் இட்ட சாறும். அறிவிப்புகளில் ஒன்று அதை ஸரீத் என்றே பெயர் சொல்கிறது. நபி தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்ததைக் கண்டதுமுதல் தமக்கும் சுரைக்காய் விருப்பமாயிற்று என்கிறார் அனஸ். ஏழைத் தொழிலாளி வீட்டில் கோதுமைக்கு மாற்றாக வாற்கோதுமையும், புதிய இறைச்சிக்கு மாற்றாக உலர்ந்ததும் வருகின்றன. பெயர் மாறவில்லை, செயல் ஒன்றாக இருக்கும்வரை பெயரும் ஒன்றாகவே இருக்கிறது.

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ள புகழ்பெற்ற நபிமொழி, பிற பெண்களிடையே ஆயிஷாவுக்கு உள்ள சிறப்பைப் பிற உணவுகளிடையே ஸரீதுக்கு உள்ள சிறப்போடு ஒப்பிடுகிறது. இன்றைய வாசகருக்கு இவ்வுவமை வியப்பளிக்கலாம். 1277இல் மறைந்த நவவி தம் உரையில் தரும் காரணங்கள் மிக நடைமுறையானவை: வயிறு நிறையும், விழுங்க எளிது, சுவையுண்டு, வேண்டிய அளவை விரைவில் எடுத்து உண்ணலாம். கடினமான ரொட்டியை அறிந்த மக்களுக்கே மென்மை ஒரு சிறப்பாகத் தோன்றும். உவமை தொழிற்படும் இடம் அதுவே.

அப்பாசியர் தலைநகரான பாக்தாதில் ஸரீத் உருமாறியது. 10ஆம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்-வர்ராக் தொகுத்த சமையல் நூலில் ஸரீத் வகைகளுக்கெனத் தனி இடம் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் அந்தலூசின் முர்சியாவிலிருந்து வெளியேறிய இப்னு ரஸீன் அத்துஜீபியின் நூலும் அவ்வாறே பல வகைகளை விளக்குகிறது. செல்வர் சமையலறையில் அது வறட்சியின் உணவாக இல்லை. நொறுக்குதல் என்ற தேவை அங்கே ஒரு சுவை முறையாகிவிட்டது.

சொல்லின் பயணத்தை ஒலிகள் காட்டிக்கொடுக்கின்றன. துருக்கியில் இவ்வுணவு ‘திரித்’, மொராக்கோவில் ‘த்ரீத்’. எழுத்து வழியாகச் சென்றிருந்தால் துருக்கியில் முதலெழுத்து ‘ஸ’ ஆகியிருக்க வேண்டும். குர்ஆன், நபிமொழி ஆகியவற்றின் சொற்கள் அங்கு அவ்வாறே ஒலிக்கப்படுகின்றன. ‘த’ என மாறியிருப்பதால், இச்சொல் நூலைவிட வாய்வழியாகவே அங்கு சென்றது எனக் கருத இடமுண்டு. உருதுவிலும், அதன்வழி இந்திய முஸ்லிம்களின் சமய நூல்களிலும் அது ‘ஸரீத்’. நம் நாட்டுக்கு அச்சொல் அடுப்படி வழியாக அன்றி ஏட்டின் வழியாக வந்தது என்பதை அந்த ஓர் ஒலியே உணர்த்துகிறது.

மேற்கே அது மேலும் தொலைவு சென்றது. போர்த்துகலின் தென்பகுதியான அலென்தேஜுவில் பூண்டு, கொத்தமல்லி, உப்பு ஆகியவற்றை இடித்து, ஆலிவ் எண்ணெயும் கொதிநீரும் சேர்த்து, பழைய ரொட்டியை அதில் ஊறவைப்பர். வசதி இருந்தால் ஒரு முட்டையும் சேரும். இந்த ஏழைகள் உணவின் பெயர் ‘அசோர்தா’. அந்தலூசிய அரபியில் வழங்கிய ‘அஸ்-ஸுர்தா’ என்ற சொல்லே அது. சொற்சார்பு முன்னொட்டும் ஸரீதின் வேரும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இறைச்சி போய்விட்டது, சமயம் மாறிவிட்டது, ஆட்சி மாறிவிட்டது. உலர்ந்த ரொட்டியை வீணாக்காமல் நனைத்து உண்ணும் செயலும் அதன் பெயரும் எஞ்சின.

ஐரோப்பாவின் பிற பகுதிகளில் இதே உணவுக்கு வேறொரு பெயர் இருந்தது. அதன் கதை நேர்மாறாக முடிந்தது. இன்று உலகெங்கும் நீர்மத்தைக் குறிக்கும் ‘சூப்’ என்ற சொல் முதலில் குறித்தது ரொட்டியை. பிற்கால இலத்தீனின் ‘சுப்பா’, பழைய பிரெஞ்சின் ‘சூப்’ ஆகியவை சாறு ஊற்றி நனைத்த ரொட்டித் துண்டின் பெயர்கள். மழையில் தொப்பலாக நனைந்தவனை ‘சூப் போல நனைந்தவன்’ எனப் பிரெஞ்சு மரபுத்தொடர் சொல்வது அதனால்தான், நனைவது ரொட்டி. ஆங்கிலத்தின் ‘சாப்’ என்ற சொல்லும் ஊறிய ரொட்டித் துண்டே. காலப்போக்கில் ரொட்டி தட்டைவிட்டு விலகியது. பெயர் சாற்றிடம் தங்கிவிட்டது. ஸரீத் செயலின் பெயராதலால் ரொட்டி இல்லாமல் அச்சொல்லுக்கு வாழ்வில்லை. ‘சூப்’ பொருளின் பெயராகையால் ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ முடிந்தது.

இந்தியச் சூழலில் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. பருப்புச் சாற்றைக் குறிக்கும் வடமொழிச் சொல்லான ‘சூப’ என்பதிலிருந்தே ஆங்கிலச் ‘சூப்’ வந்தது என்ற கூற்று அடிக்கடி பகிரப்படுகிறது. ‘சூப்’ என்ற சொல்லின் அடி செருமானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. வடமொழியின் ‘ப’ அக்குடும்பத்தில் ‘ஃப’ ஆகும். ‘பித்ரு’ என்பதற்கு இணை ‘ஃபாதர்’, ‘பாத’ என்பதற்கு இணை ‘ஃபுட்’. எனவே இரண்டும் ஒரே சொல்லின் நேர் வழித்தோன்றல்களாயின் செருமானிய வடிவில் ‘ஃப’ ஒலி இருந்திருக்க வேண்டும். ஒலி ஒற்றுமை இங்கு உறவை மறுக்கிறது. ‘ஸரீத்’, ‘அசோர்தா’ என்னும் இரண்டும் காதுக்கு அயலாகத் தோன்றினும் உறவுச் சொற்கள். சொற்பிறப்பில் காதைவிட ஒலிமாற்ற விதியும், சொல் பயணம் செய்த வழியும் நம்பத்தக்கவை.

ஸரீதை நொறுக்கியவரின் பெயர் இன்றும் வரைபடத்தில் இருக்கிறது. யோர்தானின் அதிகாரப்பூர்வப் பெயர் யோர்தான் ஹாஷிமிய அரசு. ஹாஷிம் வணிகப் பயணத்தின்போது காசாவில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. அந்நகரை அரபியர் ‘ஹாஷிமின் காசா’ என்று அழைப்பதுண்டு. அங்குள்ள பழைய பள்ளிவாசல் ஒன்றும் அவர் பெயரைத் தாங்கியது. 2025 ஆகஸ்டில், உணவுப் பாதுகாப்பை மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பு காசா மாவட்டத்தில் பஞ்சம் நிலவுவதை உறுதிசெய்தது.

ஸரீத் என்ற சொல்லுக்கு ‘சாற்றில் ஊறிய ரொட்டி’ எனப் பொருள் எழுதும் அகராதி பிழை செய்யவில்லை. அதன் வேர்ப்பொருளையும் சேர்த்து எழுதினால், நொறுக்குவதற்கு ஒரு கையும், அதைச் சுற்றி அமர்ந்தவர்களும் அச்சொல்லில் இருந்தது தெரியவரும்.